விலகிப் போன வேன்

"அவ உளுந்து மேல போகையில ஒரு தடவ ஏறுது, வரையில ஒரு தடவ ஏறுது. என் உளுந்தக் கண்டா மட்டும் ஒன் வேனுக்கு என்னய்யா வருது? நல்ல பாம்பக் கண்ட மாரில்ல விலகிப் போவுது!"

துரைராசு காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். புதிதாகத் தைத்த சட்டை. லைசென்ஸ் வாங்கி இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. நடவு, அறுப்பு, மூட்டை என்று கிடந்தவன், அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகினான். அந்த எழுத்தை வைத்தே சாலை விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்தான். இப்போது சவுதியில் இருக்கும் மீரா உசேன் வீட்டு வேனுக்கு அவன்தான் டிரைவர். தெருவே அவனைப் பெருமையாகப் பார்த்தது. அவன் மனைவி செவ்வந்தியும்தான், உளுந்தை ரோட்டில் போடுகிற வரைக்கும்.

பிடுங்கிய உளுந்துச் செடி வாசலுக்கு நேரே ரோட்டில் கிடந்தது. சக்கரம் ஏறினால் நெற்று வெடித்து உளுந்து உதிரும்; இல்லாவிட்டால் கம்பால் அடித்துத்தான் உதிர்க்க வேண்டும். கிழக்கே பாலத்தை இடித்துப் போட்டிருப்பதால் பஸ் இந்தப் பக்கம் வருவதில்லை. ஊருக்கு இருப்பது இந்த ஒரு வேன்தான்.

அடுத்த வீட்டு அம்சவல்லியும் அவள் வாசலுக்கு நேரே பரப்பியிருந்தாள். அவள் துரைராசுவின் அத்தை மகள். அவனுக்கு முதலில் பேசியது அவளைத்தான். பிறகு எதற்கோ தட்டிப்போயிற்று. இப்போது அவள் புருஷன் மலேசியாவில் இருக்கிறான்.

"வாயத் தொறந்து சொல்லுய்யா."

"ரோட்டுல பயிரப் போடுறதே தப்பு. சட்டத்துல இருக்கு."

"அவ போட்டுருக்கது சட்டத்துல இல்லியா?"

"இடது பக்கமாத்தான் போவணும்னு ரூல்ஸு."

"அவளுதும் அதே பக்கந்தான், என்னுதும் அதே பக்கந்தான். நடுவுல ஒரு பூவரச மரம் நிக்கிது. அந்த மரத்தோட ஒன் ரூல்ஸு முடிஞ்சு போச்சா?"

துரைராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுப்பின் பக்கம் திரும்பினான். "சோத்தப் போடு புள்ள."

"போடுறேன். ஆளு நின்னா எம்புட்டு ஒட்டிப் போவணும்னு அந்தப் பொஸ்தகத்துல போட்டுருக்கா?"

"தள்ளித்தான் போவணும். வேகத்தக் கொறைக்கணும். ஹாரன் அடிக்கணும்."

"நல்லா ஒப்பிக்கிற. இன்னிக்கு மத்தியானம் அவ முந்தானை ஒன் வண்டிக் கண்ணாடில ஒரசிக்கிட்டுப் போச்சு. இந்தக் கண்ணால பாத்தேன்."

பார்க்கத்தான் செய்தாள். அம்சவல்லி இடுப்பில் கை வைத்துச் செடியின் ஓரத்தில் நின்றாள். வேன் நேரே வந்து அவளை ஒட்டினாற்போல் செடி மேல் ஏறி இறங்கியது. நெற்று படபடவென்று வெடித்தது. பூவரச மரம் தாண்டியதும் அதே வேன் சட்டென்று வளைந்து எதிர்ப்புறப் புழுதியில் இறங்கி, செவ்வந்தியை விட்டு எட்டிப் போயிற்று. அவள் கம்போடு நின்றதை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கொழாயடியில வச்சு என்ன சொன்னா தெரியுமா? 'எனக்கு மாமன் வேன் இருக்கு, ஒனக்குக் கம்பு இருக்குக்கா'ங்குறா. அம்புட்டுப் பொம்பளையும் சிரிக்கிறாளுவ."

"அவ கெடக்குறா."

"அவ ஏன் கெடக்குறா? நான்ல கெடக்குறேன்!" உள்ளங்கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். கம்பு பிடித்துப் பிடித்துக் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. "மேக்கால மின்னுது. மழ புடிச்சா மொத்தமும் மொளச்சுப் போவும். வருசம் பூரா நெல்லு அறுத்தாலும் நமக்குன்னு வெளஞ்சது இது ஒண்ணுதான்யா."

துரைராசு உட்கார்ந்து தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அவளையே கட்டியிருக்கலாம்னு தோணிட்டா சொல்லிப்புடு. எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுறேன்."

"பேத்தாத புள்ள."

"நாளைக்கு நான் ஓரமா நிக்கப்போறதில்ல. செடிக்கு நடுவுல போயிப் படுத்துக்கிறேன். அப்பயாச்சும் ஒன் வேன் ஏறுதான்னு பாக்குறேன்."

துரைராசு விருட்டென்று எழுந்தான்.

"அப்புடி மட்டும் செஞ்சிராத செவ்வந்தி!" கதவை ஒருக்களித்துவிட்டு வந்து தணிந்து பேசினான். "வெளில சொல்லிடாத, வேல போயிடும். பொஸ்தகத்துல இருக்கது அம்புட்டும் மண்டைக்கு வந்துட்டு. காலுக்குத்தான் இன்னும் வரல. ரோட்டுல ஆளப் பாத்தாலே பிரேக்கு எது, ஆக்ஸிலேட்டர் எதுன்னு கால் தடுமாறுது. நீ வீட்டுக்குள்ளயே இரு, நாளைக்கு ஒரே மூச்சுல ஏத்தித் தர்றேன்."

செவ்வந்தி அப்போதும் விடவில்லை. "அப்ப அவ நிக்கிறப்ப மட்டும் எப்புடி அம்புட்டு ஒட்டிப் போற?"

"அவ மேல மோதுனா கேசு, ஜெயிலு... இருந்துட்டு வந்துடுவேன். ஒன் மேல மோதிட்டு நான் எங்க புள்ள போவேன்?"

செவ்வந்தி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். அம்சவல்லி ரோட்டில் குனிந்து உதிர்ந்த உளுந்தைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அம்சவல்லி, நாளைக்கு வேன் வரையில நீ ரோட்டுப் பக்கமே வந்துடாத தாயி. எதுக்குன்னு கேக்காத. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அம்சவல்லி நிமிர்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சிரித்தாள்.

"வயிறு எரியுதாக்கா? நாளைக்கு இன்னும் ரெண்டு அடி முன்னால வந்து நிக்கிறேன் பாரு."