முக்கால் நிமிஷம்

வீட்டுக் கேபிள் டிவியில் சென்னை அணிக்கு ஒரு சிக்ஸர். பூபதி வாசலில் இறங்கி ஒரு லட்சுமி வெடியைப் பற்றவைத்தான்.

தெருமுனைப் பந்தலில் பெரிய டிவியின் முன்னால் உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்து ஆட ஆரம்பித்தது. அவர்கள் டிவியில் அந்தப் பந்து இன்னும் போடப்படவே இல்லை.

பந்தல் டிவியில் ஓடியது செல்போன் ஆப். அதில் வரும் ஆட்டம் கேபிளைவிட முக்கால் நிமிஷம் பிந்தித்தான் வரும். திருச்செங்கோட்டில் இருபத்திரண்டு வருஷம் கேபிள் இழுத்தவனுக்கு இது தெரியாதா என்ன?

நாலோ ஆறோ அடித்தால் வெடி. விக்கெட் விழுந்தால் சத்தமே இல்லை. முதல் நாலைந்து வெடிக்குப் பந்தலில் இருந்தவர்கள் திட்டினார்கள். பத்து ஓவர் தாண்டியதும் வெடிக்காகவே காத்திருந்தார்கள். ஒருமுறைகூட அது பொய் சொல்லவில்லை.

கேபிள்காரன் பரவாயில்லையே என்று மைக்கில் சொல்லிச் சிரித்தார், போர்வெல் வண்டி முதலாளி நந்தகுமார்.

இதே வாய்தான் போன வருஷம், விளையாட்டுச் சேனல்களின் விலை ஏறியபோது, தெருவைக் கூட்டிவைத்துப் பூபதியைத் திருடன் என்றது. விலையை ஏற்றியவன் எங்கோ இருந்தான். எய்தவன் இருக்க அம்பை நொந்தார்கள். ஒரே வாரத்தில் அத்தனை வீடும் கேபிளைத் துண்டித்துவிட்டு ஆப்புக்கு மாறியது. அப்போது அது ஓசி.

இந்த வருஷம் ஆப்பும் காசு கேட்டது, அதுவும் கேபிளைவிடக் கூடுதலாக. நந்தகுமாரே வீடு வீடாக வசூல் செய்து கட்டினார். ஆப்காரனை அவர் திருடன் என்று சொல்லவில்லை.

வாடிக்கை போனதைக்கூடப் பூபதி பொறுத்துக்கொண்டான். அன்றைக்குக் கூட்டத்தில் அவன் மகள் மோனிஷாவும் நின்றிருந்தாள். அதன்பிறகு அவள் நந்தகுமார் வீட்டு வழியாகப் பள்ளிக்கூடம் போவதில்லை. சுற்றிக்கொண்டு போகிறாள். அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

கடைசி ஓவர். கடைசிப் பந்து. சென்னைக்கு நாலு ரன் வேண்டும்.

பூபதி வாசற்படியில் நின்றபடி உள்ளே டிவியைப் பார்த்தான். பந்து உயரப் போய் இறங்கும்வரை பார்த்தான். பிறகு திரும்பி, வாசலில் விரித்துவைத்திருந்த ஆயிரம்வாலாவின் திரியில் ஊதுபத்தியை வைத்தான்.

தெரு அதிர்ந்தது. நாலு பேர் நந்தகுமாரைத் தோளில் தூக்கினார்கள். யாரோ அவர் வாயில் லட்டைத் திணித்தார்கள். அவர் மைக்கைப் பிடுங்கி, பெங்களூர் கட்சியாக ஓரத்தில் உட்கார்ந்திருந்த தன் மச்சானைப் பார்த்துக் கத்தினார்.

"தோத்துட்டா என் மீசைய எடுத்துப்போடறேன் மாப்ள! ஊரே சாட்சி!"

உள்ளேயிருந்து கலைமணி பதறிக்கொண்டு ஓடிவந்து கணவனின் கையைப் பிடித்தாள்.

"ஏனுங்க, கேட்சு புடிச்சுப்போட்டானுங்க! நாம தோத்துப்போட்டோம். இதை எதுக்குங்க பத்த வச்சீங்க?"

பூபதி மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான்.

பந்தலின் பெரிய டிவியில் அப்போதுதான் பந்துவீச்சாளர் ஓடிவர ஆரம்பித்தார்.