தள்ளாட்டம்

ஃப்ளோரஸ் தீவின் மேட்டுத் தெருவில் மகன் அமாரு தள்ளாடி வருவதைப் பார்த்ததும் இடலீனா பதறிப்போனாள். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தாள்.

“டேய், குடிச்சியா?”

“கொஞ்சம்தாம்மா…”

“பொய் சொல்லாத. ஊது!”

ஊதினான். குப்பென்று ஒயின் நெடி அடித்தது.

“என் புள்ள குடிச்சிருக்கான்!” என்று தெருவே அதிரக் கத்தி, முத்தமாகப் பொழிந்தாள்.

புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டு ஃபிலோமெனா திகைத்தாள். “இதுக்கா இவ்வளவு சந்தோஷம்?”

“இவங்கப்பா ஒரு சொட்டு குடிக்காமலே இப்படித்தான் தள்ளாட ஆரம்பிச்சாரு. பரம்பரை நரம்பு நோய். படுத்த படுக்கையாத்தான் போய்ச் சேர்ந்தாரு.”

“அம்மா, இன்னிக்கு ரத்தச் சோதனை முடிவு வந்துச்சு. அந்தக் கெட்ட மரபணு எனக்கு வரலையாம். அதான் குடிச்சேன்!”

“அடப்பாவி! மீதி எங்கடா? எனக்கும் ஊத்து!”

அன்று மாலை மேட்டுத் தெருவில் இரண்டு பேர் தள்ளாடினார்கள்.