உள்ளே இருந்த கல்

ஆபரேஷன் மேசையில், ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தாலும் சூசையின் கண்கள் எதிரே இருந்த திரையை விட்டு நகரவில்லை. சிறுநீர்க் குழாயை அடைத்திருந்த மஞ்சள் கல், லேசர் பட்டதும் வெல்லக்கட்டி மாதிரி உதிர்ந்தது. “இவ்வளவுதானா மேடம்? இதுக்கா என்னைய அந்தப் பாடு படுத்துச்சு?” என்று சிரித்தான். கல் போனால்தான் அடுத்த வாரம் அவனைக் கப்பல் வேலைக்கு ஏற்றுவார்கள். டாக்டர் பத்மாவதி சிரிக்கவில்லை. மஞ்சள் உதிர்ந்த இடத்தில் கரும்பழுப்பாக இன்னொரு கல் தெரிந்தது. அதன்மேல் அதே லேசரை விட்டார். வெளிச்சம் மின்னியதே தவிர கீறல்கூட விழவில்லை. “மேல ஒரு ரகம், உள்ள ஒரு ரகம். பவரைக் கூட்டணும். கூட்டுனா அடிக்கிற வேகத்துல கல்லு கிட்னிக்குள்ள ஓடிரும். அப்புறம் இன்னொரு ஆபரேஷன்தான்.”

“அந்தப் பேச்சே வேண்டாம். ஓடாம இருக்க நான் என்ன செய்யணும்?”

“நீங்க மூச்சு விடுறப்பல்லாம் அதுவும் ஆடுது. கொஞ்சம் அடக்குவீங்களா?”

“கடல்ல முங்கி வளந்தவன் மேடம். நீங்க அடிங்க.”

சூசை மூச்சை இழுத்து நிறுத்தினான். திரையில் கல்லும் நின்றது. டாக்டர் பவரைக் கூட்டிப் பெடலை மிதித்தார். டக், டக், டக். கல்லில் மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடியது.

“போதும், மூச்ச விடுங்க.”

அவன் விடவில்லை. தலைமாட்டில் அவன் மூச்சைக் கண்காணித்துக்கொண்டிருந்த மெஷின் கத்தத் தொடங்கியது.

“யோவ் சூசை, விடுய்யா!” என்று டாக்டரும் கத்தினார்.

கல்லை முறைத்தபடியே, இன்னும் ஒரே ஒரு அடி என்று அவன் விரலை உயர்த்தினான்.