குளம்பு ஆறட்டும்

அழுகிய காலை மடியில் தூக்கி வைத்து, மயில்துத்தம் கரைத்த வெந்நீரால் கழுவிக்கொண்டிருந்தாள் குமுதா. நாற்றம் வேலியைத் தாண்டுவதற்குள் பக்கத்து வீட்டுப் புஷ்பலதாவின் தலை வேலிக்கு மேல் வந்துவிட்டது.

"மாமியா காலு அழுகினப்போ இப்படி மடியில வச்சியா? கிடாவுக்குல்ல நடக்குது ராஜ உபசாரம்!"

மாமியார் ராக்காயிக்குச் சர்க்கரைப் புண். அம்மாவின் கால் பிழைத்தால் கிடா வெட்டுவதாக முனீஸ்வரருக்கு நேர்ந்துகொண்டவன் மகன் சதாசிவம். கால் பிழைத்தது; நேர்ந்துவிட்ட கிடாவுக்குக் குளம்பு அழுகிவிட்டது.

ஊனமுள்ள கிடா சாமிக்கு ஆகாது, நேர்ந்ததை மாற்றவும் கூடாது. வேண்டுதல் முடியாமல் வீட்டுப் படி மிதித்தால் குத்தம் என்று மகன் சொல்ல, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஆயர் தாவார் முதியோர் இல்லத்துக்குப் போனாள் கிழவி. வேறென்ன, மருமகள்தான் கிடாவுக்கு நோய் வளர்க்கிறாள் என்று பத்து காஜா தாமான் குடியிருப்பே தீர்ப்பெழுதிவிட்டது.

"அத்தை வரவேணாம்னா நான் ஏன்க்கா சீழ்ல கைய வைக்கிறேன்?"

"அதெல்லாம் நடிப்புலா," என்றாள் புஷ்பலதா.

சதாசிவம் தங்கமான பிள்ளை. தினமும் வேலைக்குக் கிளம்புமுன் கிடாவைச் சிமெண்டுத் தரையிலிருந்து அவிழ்த்து, "பாவம், சூடு தாங்காது" என்று லோங்காங் சாக்கடை ஓரத்து ஈரத்தில் கட்டிவிட்டுத்தான் மோட்டார் ஏறுவான்.

அவன் வேலையாக சிலிம் ரிவர் போயிருந்த நாட்களில் கிடா சிமெண்டுத் தரையிலேயே நின்றது; புண் காய்ந்தது. திரும்பி வந்தவன் முன்னால் குமுதா கிடாவை நடத்திக் காட்டினாள்.

"பாருங்க, நொண்டவே இல்ல! வெள்ளிக்கெழம பூசய முடிச்சிட்டு அத்தைய கூட்டிட்டு வந்துரலாம்."

"கெட்டிக்காரிலா நீ," என்று கிடாவின் தலையைத் தடவினான் சதாசிவம். "உள்ள போயி தேத்தண்ணி கலக்கு."

தண்ணீர் கொதிக்குமுன் பின்பக்கம் 'டொக்'கென்று ஒரு சத்தம். கிடா அலறியது. குமுதா ஓடிவந்தபோது அவனது ஒரு கையில் சுத்தியல், மறு கையில் கைப்பேசி.

"ஐயா, கிடாவுக்குக் காலு ஆறிருச்சாய்யா? எப்ப வந்து கூட்டிட்டுப் போவ?" கைப்பேசியில் ராக்காயி.

"காலு ஆறிருச்சும்மா... இப்ப கொம்பு ஒடஞ்சிருச்சு."