டென்னிஸ் ஆடத் தெரியாதவர்

“டென்னிஸ் ஆடுற மாதிரி நினைச்சுக்கோங்க,” என்றார் ஆராய்ச்சிக்கென்று வந்திருந்த டாக்டர்.

பால்ச்சாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இராஜபாளையத்தில் காலமெல்லாம் பேண்டேஜ் துணித் தறி ஓட்டியவனிடம் சொல்கிற பேச்சா இது?

“அவிய டென்னிஸக் கண்ணால பாத்ததே இல்ல சார்,” என்றாள் மனைவி வெங்கடேஸ்வரி. “தறியில அறுந்த நூலை முடிபோடுற மாதிரி நினைக்கச் சொல்லுங்க.”

“அப்படிச் சொல்லுட்டி!” என்றார் பால்ச்சாமி.

டாக்டர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. “அப்படியெல்லாம் மாத்த முடியாதும்மா. உலகம் பூரா இந்தச் சோதனைக்கு இதைத்தான் சொல்லுவாங்க. ம்... பந்தை ஓங்கி அடிங்க!”

“நீயே அடிலே!”

டாக்டர் மூளை அலைகளைக் காட்டும் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “நான் சொன்னதுக்கு மூளையில ஒரு அசைவும் இல்லம்மா. விபத்துல போன நினைவு திரும்பவே இல்ல. நாம பேசுறது எதுவும் இவருக்குக் கேக்காது.”

“அம்புட்டும் கேக்குதுலே!” என்று அலறினார் பால்ச்சாமி.

கட்டிலில் கிடந்த அவருடைய உதடு அசையவில்லை.