வணக்கம் சொன்ன கேக் கடை

"ஓட்டையைப் போடுறதும் நீங்க, அடைக்க வர்றதும் நீங்க! அப்படித்தானே சார்?"

மகள் போட்ட சத்தத்தில், வெப்சைட்காரர் வாய்க்குக் கொண்டுபோன காபி பாதி வழியில் நின்றது.

"ஏண்டி, வேலையைப் போட்டுட்டு ஓடி வர்ற மனுஷன்கிட்ட இப்படியா பேசுவ?" என்று அம்மா, கேக் மேல் க்ரீம் பூவைப் பிழிந்துகொண்டே அதட்டினாள்.

"நீ சும்மா இரும்மா. உனக்கு அடுப்பைத் தவிர என்ன தெரியும்?"

அப்பா போன பிறகு அம்மா ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்திய கடை அது. கேக் மேல் ஃபோட்டோ அச்சடித்துக் கொடுப்பதில் அந்தத் தெருவுக்கே பெருமை. வாடிக்கையாளர் கடையின் வெப்சைட்டில் படத்தை ஏற்றினால் போதும், கேக் மேல் அவர் முகம் சிரிக்கும். ஒரு நாள் யாரோ புண்ணியவான், படம் ஏற்ற வேண்டிய இடத்தில் ஒரு நிரலை ஏற்றிவிட்டான். கடையின் முகப்பில் கேக்கைக் காணோம், ஒரே சூதாட்ட விளம்பரம். "உள்ள சீட்டும் ஆடலாமாமே?" என்று தெருவில் சிலர் அக்கறையாக விசாரித்தார்கள்.

அதைச் சரிபண்ண வந்தவர்தான் வெப்சைட்காரர். வந்தவர், வந்துகொண்டே இருந்தார்.

"படம்னு சொல்லிக்கிட்டு எது வந்தாலும் உங்க வெப்சைட் வாங்கிப் போட்டுக்குது. இனிமே நிரல் வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடும்" என்று முதல் தடவை அடைத்தார். அதோடு வாயை மூடிக்கொண்டாரா? "ஃபைல் பேரோட வாலை மட்டும் படம் மாதிரி மாத்திக்கிட்டு வந்தாத்தான் ஏமாறும்" என்று கடைக் கம்ப்யூட்டரிலேயே ஒரு சோதனை நிரல் எழுதி, ஏற்றியும் காட்டினார். அம்மா மாவுக்கையோடு தலையாட்டினாள்.

கொஞ்ச நாளில் வாலை மாற்றிக்கொண்டு ஒன்று வந்தது. அதையும் அடைத்தார். "இனி நிஜப் படத்துக்குள்ளேயே நிரலை ஒளிச்சு வச்சாத்தான் உண்டு" என்றார். அப்படியும் வந்தது. இப்போதெல்லாம் விளம்பரம் கிடையாது. முகப்பில் 'வணக்கம்' என்று ஒற்றைச் சொல் மட்டும் நிற்கும். மரியாதை தெரிந்த திருடன்.

தெரு சும்மா இருக்குமா? வயசு கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் கல்யாணமாகாத மனுஷர். கடையிலோ படிப்பு முடித்த பெண் ஒருத்தி. முடிச்சுப் போட்டுவிட்டது.

மகளுக்கோ வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. இந்த மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். கடை ஓடுவதே வெப்சைட்டில் வருகிற ஆர்டரில். அது நாளொரு வணக்கம் சொல்லிக்கொண்டு நின்றால், அம்மாவை எப்படித் தனியாக விட்டுவிட்டுப் போவது?

"நீங்க இந்த மேஜையில உக்காந்து சொன்ன வழியிலேயே திருடன் வர்றான். அது எப்படி சார்?"

"எனக்கும் அதாம்மா புரியல..."

"மொத்தமா அடைக்க வழியே இல்லையா?"

அவர் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினார். "இருக்கு. ஏத்தின படங்கள் சேர்ற இடத்துல எந்த நிரலும் ஓடக் கூடாதுன்னு ஒரு பூட்டு. போட்டுட்டா எவன் எப்படி வந்தாலும் பொம்மை மாதிரி கிடப்பான்."

"அந்தப் பூட்டை முதல் நாளே ஏன் போடல?"

அவர் அவசரமாக ஒரு மடக்குக் காபி குடித்தார். காது மடல் சிவந்தது. மகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"பாருங்க சார், பட்டுன்னு சொல்லிடுறேன். எனக்கு உங்க மேல அப்படி ஒரு எண்ணமும் இல்ல. மனசுல எதையும் வளத்துக்காதீங்க."

காபி புரையேறிவிட்டது. "ஐயய்யோ! நீ என் பொண்ணு மாதிரிம்மா!" என்று இருமினார். அம்மா அழுத்திய அழுத்தில் க்ரீம் பூ காலிஃப்ளவராகிவிட்டது.

அன்றே பூட்டு விழுந்தது. வணக்கமும் நின்றது. அவரை அநியாயமாகச் சொல்லிவிட்டோமோ என்ற உறுத்தலோடுதான் மகள் வெளியூருக்கு ரயில் ஏறினாள். பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவர் அடிக்கடி வந்துபோவதாகத் தெருவில் பேச்சு. பெண்தான் ஊரிலேயே இல்லையே, பாவம், இன்னும் என்ன ஆசை என்று உச்சுக்கொட்டினார்கள்.

அடுத்த வருஷம் மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள், கல்யாணத்துக்கு. கேக் மேல் மாப்பிள்ளையாக வெப்சைட்காரரின் முகம், அதை ஒட்டி மணப்பெண்ணாக அம்மாவின் முகம்.

கேக்கை வெட்டும்போது அம்மா மகளின் காதோரம் குனிந்து, "அவரு சொல்லிக்கொடுத்ததை ஒண்ணுவிடாம நான்தாண்டி ஏத்தினேன், நீ மட்டும் அன்னைக்குப் பூட்டுப் போடச் சொல்லிக் கத்தலேன்னா, இன்னும் ரெண்டு வழி கத்துக்கிட்டிருப்பேன்" என்றாள்.