இந்த வார அருள்மொழி

மனைவி பேப்பரைக் கையில் எடுத்ததும் நான் அவள் எதிரே வந்து உட்கார்ந்தேன்.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். துணிமணியெல்லாம் பையில் வைத்துத் தயார். வைத்தது நான். அவள் இன்னும் சம்மதிக்கவில்லை.

மார்பில் கட்டி. இப்போதே எடுத்துவிட்டால் பயமில்லை, தள்ளிப்போட்டால் அப்புறம் தன் கையில் இல்லை என்று டாக்டரம்மா இரண்டு முறை சொல்லிவிட்டார். நான் இருநூறு முறை சொல்லியிருப்பேன். கெஞ்சினேன், கத்தினேன், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல்கூடக் கிடந்து பார்த்தேன். ஊஹும்.

"பெரியவர் வாக்கு வரட்டுங்க. மனசுக்குள்ள கேட்டிருக்கேன். இந்த வாரம் பதில் சொல்லிடுவார்" என்றாள்.

பெரியவர் என்று எல்லோரும் கும்பிடுகிற சாமியாரின் வாக்கு, நான் வேலை பார்க்கும் பேப்பரில்தான் அருள்மொழி என்று வரும். வாரத்துக்கு ஒரு நாள், மூன்றாம் பக்கத்தில், கட்டம் கட்டி, அவருடைய சிரித்த முகத்தோடு. ஊரே படிக்கும். அமைச்சர்கள் சபையில் எழுந்து நின்று வாசிப்பார்கள். போன வருஷம் பள்ளிப் புத்தகத்திலிருந்து ஒரு பாடத்தையே தூக்கினார்களே, அதற்கும் அந்தக் கட்டத்தைத்தான் ஆதாரமாகக் காட்டினார்கள்.

மருந்துத் தட்டுப்பாடு பற்றி நான் நாலு மாசம் அலைந்து எழுதிய செய்தி ஏழாம் பக்கத்தில் ஒரு மூலையில் வந்தது. அதை ஒரு ஈ காக்காய்கூடப் படிக்கவில்லை.

அருள்மொழியையும் எட்டு வருஷமாக நான்தான் எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் பெரியவர் ஆபீசிலிருந்து ஏதோ அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு வாரம் வரவில்லை. நீயே நாலு வரி எழுதிப் போடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றார் ஆசிரியர். போட்டேன். அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. வேலை மிச்சம் என்று அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பாடத்தைத் தூக்க வைத்த வரிகூட, பக்கம் முடிக்கிற அவசரத்தில் நான் கிறுக்கியதுதான். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வெளியே மூச்சு விட்டால் வேலை போய்விடும் என்று வீட்டில் சொல்லவில்லை. அப்புறம் இவள் அதை வாராவாரம் வெட்டி நோட்டில் ஒட்ட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது?

இந்த வாரம் மட்டும் பார்த்துப் பார்த்து எழுதினேன். துன்பத்தைப் பற்றி நான்கு வரி. பொறுமையைப் பற்றி மூன்று. கடைசியில்தான் விஷயம்: வைத்தியரின் கத்தியும் கடவுளின் கைதான். அழைத்த அன்றே போ. நாளை என்று சொல்லாதே.

அருள்மொழியில் முக்கியமானது கடைசியில் வர வேண்டும். அப்போதுதான் மனதில் நிற்கும்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூன்றாம் பக்கத்தை உதடு அசைய வாசித்தாள். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடித்தாள். முகம் தெளிந்துவிட்டது. இந்த முகத்தைப் பார்த்துத்தான் எத்தனை மாசமாயிற்று! அப்பாடா என்றிருந்தது. பையைத் தூக்க எழுந்தே விட்டேன்.

"பாத்தீங்களா, பொறுமையா இருக்கச் சொல்லிட்டார்."

பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தேன். பொறுமையோடு முடிந்திருந்தது. அதற்குக் கீழே ஒரு விளம்பரம். பெரியவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து, யாரோ வீடு கட்டி விற்கிறவர்கள் கொடுத்தது.

பக்கம் கட்டுகிறவரைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? கடைசி நேரத்தில் விளம்பரம் வந்தால் யாரையும் கேட்க வேண்டாம், அடியிலிருந்து வெட்டிவிடலாம். செய்தியில் முக்கியமானது எப்போதும் மேலே இருக்கும், அடியில் இருப்பது போனால் போகட்டும். அவர் வேலைக்குச் சேர்ந்த அன்றே அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். தினமும் அச்சுக்குப் போகிற பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். நேற்று இவளுக்குத் துணையாக இருக்கலாமே என்று சீக்கிரம் வந்துவிட்டேன்.

வேலையாவது மண்ணாவது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆசிரியர் சொன்னது, எட்டு வருஷம், வெட்டுப்பட்ட மூன்று வரி, அவள் நோட்டில் ஒட்டியிருப்பது அத்தனையும் என் கையால் எழுதியது என்பது வரைக்கும். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசிவரை கேட்டாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில் அப்படிச் செய்வாள்.

"என்னைப் பொழைக்க வைக்கணும்னு எவ்வளவு பெரிய பொய் சொல்றீங்க. பாவம்ங்க நீங்க."

அவளுக்குக் கோபமே வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவளே போன் போட்டு, இன்றைக்கு வரவில்லை, சிரமத்துக்கு மன்னிக்கணும் என்று மரியாதையாகச் சொன்னாள். போனை வைத்துவிட்டு, ஆறிப்போன என் டீயைச் சூடு பண்ண எடுத்துக்கொண்டு போனவள், சமையலறை வாசலில் நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோங்க. அடுத்த வாரம் ஆபரேஷன் பண்ணிக்கோன்னு அதுல வந்துச்சுன்னா, அது உங்க வேலைன்னு கண்டுபிடிச்சுடுவேன்."